தெபெக்ஸ்பான்: அங்கே போய்ப் பார்க்க உண்மையில் என்ன இருக்கிறது?

#1 · ஆற்றுமணல்

மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே, அக்கோல்மான் நகராட்சிக்குள் இருக்கும் சின்ன ஊர் தெபெக்ஸ்பான். 1947-ல் "தெபெக்ஸ்பான் மனிதன்" என்ற பழைய எலும்புக்கூடு கிடைத்த இடம். தமிழில் தேடினால் "அமெரிக்கக் கண்டத்தின் ஆதிமனிதன், வயது 11,000" என்ற ஒரே வரியைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கேள்விகள் நாலு. அந்த ஊரில் கண்ணால் பார்க்க என்ன இருக்கிறது? வாடகைக் கார் இல்லாமல் எப்படிப் போவது? தெயோதிவாக்கான் பிரமிடுகளையும் அதே நாளில் சேர்க்கலாமா? அந்த 11,000 என்ற கணக்கு நிற்குமா?

பயணம் ஜனவரியில், கையில் 4 பகல். ஸ்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது. சாப்பாடு சைவம்.

#2 · களிமண்தட்டு

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

எலும்பைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தெபெக்ஸ்பானுக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: தலைநகரில் சாபுல்தெபெக் பூங்காவில் உள்ள தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். மூல எலும்புகள் தலைநகருக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. ஊரில் இருப்பது நகல். தெபெக்ஸ்பானின் தொல்வரலாற்று அருங்காட்சியகம் சின்னது: எலும்புக்கூட்டின் நகல், மாமூத் (அழிந்துபோன யானை இனம்) எலும்புகள், பழைய ஏரியைப் பற்றிய விளக்கப் பலகைகள். நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் தாண்டாது. தோண்டிய குழியைத் தேடி அலைய வேண்டாம். திறந்து வைத்த அகழாய்வுக் குழி என்று அங்கே எதுவும் இல்லை. கீழடி மாதிரி குழிமேல் கூரை போட்டு நடைபாதை அமைத்திருப்பார்கள் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

பிறகு எதற்குப் போவது? நிலத்தைப் பார்க்க. தெபெக்ஸ்பான் இருப்பது பழைய தெஸ்கோகோ ஏரியின் வடகிழக்குக் கரையில். ஊரின் தெற்கு ஓரம் வந்ததும் தரை சட்டென்று தட்டையாகிவிடும். அந்தத் தட்டை முழுவதும் ஒரு காலத்தில் உப்பேரி. கரையோரச் சேறு, தண்ணீர் தேடி வந்த மாமூத், அதைப் பின்தொடர்ந்த மனிதன் என்று இந்தப் பகுதியில் கிடைத்த எதற்கும் பின்புலம் அந்த ஏரிதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் சாலையோரம் நின்றாலே ஊர் புரியும். தெரியாமல் போனால் கான்கிரீட் வீடுகளும் டயர் கடைகளும்தான் கண்ணில் படும்.

#3 · பொடிநடை

போக்குவரத்து.

வழி ஒன்று: மெட்ரோ 3-ம் தடத்தின் வடக்கு முனை இந்தியோஸ் வெர்தெஸ். வெளியே வந்தால் வேன்களும் சிற்றுந்துகளும் வரிசையாக நிற்கும். வேனுக்கு அங்கே "கோம்பி" என்று பெயர். முன்கண்ணாடியில் ஊர்ப்பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். தெபெக்ஸ்பான், அக்கோல்மான் இரண்டில் எது இருந்தாலும் ஓட்டுநரிடம் "பாசா போர் தெபெக்ஸ்பான்?" என்று கேட்டு, "சீ" என்று பதில் வந்த பிறகு ஏறுங்கள்.

வழி இரண்டு: மெட்ரோ 5-ம் தடத்தில் அவுதோபூசெஸ் தெல் நோர்தே நிலையம், எதிரிலேயே வடக்குப் பேருந்து முனையம். பிரமிடுகளுக்கான பேருந்துச் சீட்டு 8-ம் வாசல் பக்கத்தில் தருவார்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிரமிடுகளுக்கு நேரே போகும் வண்டி சுங்கச் சாலையில் போகிறது, தெபெக்ஸ்பான் ஊருக்குள் நுழையாது. "வழியில்தானே இருக்கிறது, இறங்கிக்கொள்ளலாம்" என்று ஏறினால் ஊர் ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடும். சுங்கமில்லாச் சாலையில் போகும் வண்டியா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்.

வழி மூன்று: தெஸ்கோகோவில் தங்குகிறவர்களுக்கு மட்டும். தெஸ்கோகோ–லெச்செரியா சாலை தெபெக்ஸ்பான் வழியாகத்தான் போகிறது.

மெட்ரோ கட்டணம் 5 பெசோ. காகிதச் சீட்டு போய்விட்டது, அட்டை வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். மெக்சிகோ மாநிலத்தின் மெக்சிபுஸ் (தனிப்பாதையில் ஓடும் பேருந்து), புறநகர் ரயில் இரண்டிலும் எந்த அட்டை செல்லும் என்று முதலில் கேளுங்கள். செல்லாத அட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை முறைக்கும்.

கோம்பியில் ரொக்கம் மட்டும்தான். 20, 50 பெசோத் தாள்களும் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். 500 பெசோத் தாளை நீட்டினால் அது நடத்துநர் இல்லாத வண்டி என்பது புரியும். பின்னால் உட்கார்ந்தால் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுத்து "மே கோப்ரா, போர் ஃபவோர்" என்று சொல்ல வேண்டும். "காசு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பொருள், பாம்பு எதுவும் இல்லை. காசு கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். இறங்க "பாஹான், போர் ஃபவோர்" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். மணி, பொத்தான் எதுவும் கிடையாது.

#4 · ஆற்றுமணல்

தெளிவாகிவிட்டது, நன்றி. சுங்கச் சாலை விஷயம் எந்த வலைப்பதிவிலும் இல்லை. அந்தக் கோம்பிகளில் பயமில்லாமல் போகலாமா?

#5 · பொடிநடை

மெக்சிகோ மாநிலத்தின் கோம்பித் தடங்களில் வழிப்பறி நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படிப் போங்கள்: பகலில் மட்டும், கைபேசி பைக்குள், கேமரா கழுத்தில் தொங்காமல். இருட்டும் முன் மெட்ரோவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஜனவரியில் 6 மணியைத் தாண்டினால் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்; 4 மணிக்கே கிளம்புங்கள். செயலி வழி டாக்சியில் போவது எளிது. திரும்பும்போது அந்தப் பக்கம் வண்டி கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

#6 · கரியும்காலமும்

நாலாவது கேள்விக்கு வருகிறேன். அந்த 11,000 நிற்காது. எப்படி வந்தது, ஏன் விழுந்தது என்பது தெரிந்தால் அருங்காட்சியகப் பலகையை வேறு கண்ணோடு படிக்கலாம்.

1940-களின் நடுவில் தெபெக்ஸ்பானில் மாமூத் எலும்புகள் கிடைத்தன. மாமூத் இருந்த அடுக்கில் மனிதனும் இருப்பானா என்று தேட வந்தவர் ஜெர்மன் நிலவியலாளர் ஹெல்முட் டி டெர்ரா. 1947 பிப்ரவரியில் அவர் கையாண்டது மின்தடை அளவீடு. நம் ஊரில் போர் போடும் முன் தண்ணீர் ஓட்டம் பார்க்க நிலத்தில் கம்பி நட்டு மின்சாரம் செலுத்துகிறார்களே, அடிப்படை அதேதான். அளவு வழக்கத்துக்கு மாறாகக் காட்டிய இடத்தில் குழி தோண்டினார்கள். ஒரு மனித எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது. முதுகெலும்பிலும் விலாவிலும் இடுப்பிலும் பெரும்பகுதி இல்லை. மாமூத் வேட்டையில் சேற்றில் விழுந்து இறந்திருக்கலாம், வெளியே தெரிந்த முதுகுப் பக்கத்தைப் பிணந்தின்னிப் பறவைகள் தின்றிருக்கலாம் என்பது டி டெர்ராவின் விளக்கம்.

வயது எப்படி வந்தது? எலும்பை நேரடியாக அளந்து வந்ததல்ல. உயிர்ப்பொருளில் மிஞ்சிய கரியை வைத்து வயது சொல்லும் கார்பன்-14 முறையே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. எலும்புக்கூடு சுக்கான் (சுண்ணாம்பு இறுகிய மண்) அடுக்குக்குக் கீழே இருந்தது, சுக்கானுக்குக் கீழே இருப்பது மாமூத் காலத்து பெசெர்ரா படிவு, ஆகவே மனிதனும் மாமூத் காலத்தவன். இதுதான் வாதம். முழுப் பாரமும் "சுக்கானுக்குக் கீழே" என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது.

பின்னாளில் வேறு யாரோ அந்தச் சுக்கானை வெட்டிக் குழி பறித்து ஒருவரைப் புதைத்திருந்தால்? அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தோண்டும்போது குழிச் சுவரின் வெட்டுமுகத்தை அடுக்கடுக்காக வரைவது. அதைத்தான் செய்யாமல் விட்டார்கள். கிளென் பிளாக் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1949-லேயே அகழாய்வு முறையைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். தோண்டிய குழியை இரண்டாம் முறை தோண்ட முடியாது. அன்று வரையாத கோடுகளை இன்று யாரும் வரைய முடியாது.

2009-ல் லாம்ப், கொன்சாலெஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், யுரேனியம் தொடர் முறையில் அந்த எலும்புக்குக் கிடைத்த வயது 4,700 ஆண்டு, கூடக் குறைய 200. பழைய மதிப்பில் பாதிகூட இல்லை.

#7 · நெல்லிக்கனி

எலும்பில் நேரே கார்பன்-14 பார்த்தால் தீர்ந்ததே? 2009 வரை ஏன் இழுத்தது? யுரேனியம் எதற்கு?

#8 · கரியும்காலமும்

எலும்பில் கார்பன்-14 பார்க்க வேண்டும் என்றால் கொலாஜன் என்ற எலும்புப் புரதம் மிஞ்சியிருக்க வேண்டும். தெஸ்கோகோ ஏரிக்கரை மண் உப்பும் காரமும் உள்ளது. நிலத்தடி நீர் ஏறி ஏறி இறங்கிய இடம். அங்கே எலும்பின் கொலாஜன் கரைந்து போய்விடும். மிஞ்சும் கொஞ்சத்தில் பிந்தைய கரி கலந்திருந்தால் வயது குறைவாகக் காட்டும். பழைய கண்டுபிடிப்புகளில் இன்னொரு தொல்லை: எலும்பு நொறுங்காமல் இருக்க அந்தக் காலத்தில் பசையும் பூச்சும் தாராளமாகத் தடவுவார்கள். பூச்சின் கரியும் அளவில் சேர்ந்துகொள்ளும்.

யுரேனியம் முறைக்குக் கொலாஜன் தேவையில்லை. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: உயிரோடு இருக்கும்போது எலும்பில் யுரேனியம் அநேகமாக இல்லை. புதைந்த பிறகு நிலத்தடி நீரிலிருந்துதான் உள்ளே ஏறுகிறது. எப்போது ஏறியது, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று ஓர் அனுமானம் வைக்க வேண்டும். அதனால் 4,700-ஐக் கல்லில் வெட்டிய எண்ணாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. மாமூத்தோடு ஓடியவன் என்ற கதையைத் தாங்க அடியில் எதுவும் மிச்சமில்லை என்பது வரைக்கும் உறுதியாகச் சொல்லலாம்.

நல்ல தேதி உள்ள எலும்பைப் பார்க்க ஆசையா? பெஞோன் பெண். 1959-ல் தலைநகர் விமான நிலையத்துக்கு அருகே பெஞோன் தெ லோஸ் பாஞோஸ் குன்றடியில் கிணறு தோண்டும்போது கிடைத்தவள். கார்பன்-14 அளவு 10,755 ± 75, நாட்காட்டி ஆண்டாகத் திருத்தினால் 12,700 ஆண்டு அளவில் வரும். அதே ஏரிதான், மறுபக்கம். தெபெக்ஸ்பானுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

#9 · வடமராட்சிக்காரன்

இன்னொரு சங்கதியும் இருக்குது. தெபெக்ஸ்பான் "மனிதன்" ஆணே இல்லை எண்டும் ஒரு வாதம். முதல் அறிக்கையிலை 55 வயது தாண்டின ஆண் எண்டு எழுதினவை. 1960-ல் சாந்தியாகோ ஹெனோவெஸ் திரும்ப அளந்து பாத்திட்டு, இது 25–30 வயதுப் பெண் எண்டு சொன்னார். ஆணா பெண்ணா எண்டு சொல்ல முதல் பாக்கிறது இடுப்பெலும்பை. அதுதான் சரியாக இல்லையே. மண்டையோட்டையும் கைகால் எலும்பையும் வைச்சுக்கொண்டுதான் வாதாட வேணும். ஆகவே அங்கை பலகையிலை "மனிதன்" எண்டு கண்டால் அதை ஊர்ப்பெயர் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கோ.

#10 · களிமண்தட்டு

டி டெர்ரா பெயர் வந்ததால் ஒரு சின்ன ஒட்டு. 1935-ல் யேல்–கேம்பிரிட்ஜ் குழுவோடு காஷ்மீரிலும் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சோன் (சோவான்) ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பனிக்கால அடுக்குகளை ஆய்ந்தவர் இதே டி டெர்ராதான். அந்தக் குழுவின் பேட்டர்சன் சென்னைக்கு அருகே வடமதுரை, அத்திரம்பாக்கம் கல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு வகைப்படுத்தினார். முடிவுகள் 1939-ல் இருவர் பெயரிலும் வெளிவந்தன. அத்திரம்பாக்கத்தைப் படித்தவர்கள் அந்தப் பெயரை அடிக்குறிப்பில் பார்த்திருப்பீர்கள்.

மனிதனுக்கும் மாமூத்துக்கும் தொடர்பு வேண்டும் என்பவர்கள் தெபெக்ஸ்பானை விட்டுத் தெற்கே சாந்தா இசபெல் இஸ்தாபானைப் படியுங்கள். 1952-ல் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்த மாமூத்தின் எலும்புகளுக்கு இடையே கல் கருவிகள் இருந்தன. அவெலெய்ராவும் மால்தொனாதோ-கெர்தெலும் முறையாகத் தோண்டி மறுவருடமே வெளியிட்டார்கள். 1954-ல் இன்னொன்று, அதிலும் கருவிகள். 7 வருடத்துக்குள், பக்கத்து ஊரில், தெபெக்ஸ்பானில் விட்ட தவறுகளைத் திருத்திச் செய்த வேலை. ஊரில் பார்க்க எதுவும் இல்லை. தலைநகர் அருங்காட்சியகத்தில் கண்டத்தின் முதல் குடியேற்றம் பற்றிய கூடத்தில் இந்த மாமூத் இருக்கிறது. அவசரமாக ஆஸ்தெக் நாட்காட்டிக் கல்லை நோக்கி ஓடுகிறவர்கள் இந்தக் கூடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் அரை மணியை இதற்கு வையுங்கள்.

#11 · நெல்லிக்கனி

மாமூத் என்றால் உடம்பெல்லாம் கம்பளி மயிர்தானே? மெக்சிகோ வெயிலில் எப்படி?

#12 · தந்தமும்பல்லும்

அது வேறு இனம். மெக்சிகோவில் கிடைப்பது கொலம்பிய மாமூத். தோள் உயரம் 4 மீட்டர் வரை, கம்பளி மாமூத்தை விடப் பெரியது, மயிர் மிகக் குறைவு என்று கருதப்படுகிறது. படத்தில் மயிர்க் குவியலாக வரைந்திருந்தால் சைபீரியப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமூத் பார்ப்பதுதான் ஆசை என்றால் தெபெக்ஸ்பானை விட நல்ல இடங்கள் இரண்டு, இரண்டுமே தலைநகருக்கு வடக்கே.

சாந்தா லூசியா. பழைய ராணுவ விமானத் தளம். 2019 முதல் அங்கே ஃபெலிபே ஆஞ்செலெஸ் விமான நிலையம் கட்டத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான மாமூத்துகள், கூடவே ஒட்டகம், குதிரை, தரைச் சோம்பேறி விலங்கு. அந்த இடம் ஷல்தோகான் ஏரியின் கரை. அங்கேயே 2022-ல் கினாமெத்சின் தொல்லுயிர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கினாமெத்சின் என்றால் பழைய நாவாத்ல் (ஆஸ்தெக் மக்களின் மொழி) கதைகளில் வரும் அரக்கர்கள். பெரிய எலும்பைக் கண்ட ஆதிகாலத்தவர் வேறு என்ன நினைப்பார்கள்? ராணுவப் பொறுப்பில் இருக்கும் இடம், பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். மெக்சிபுஸ் 1-ம் தடம் சியுதாத் அஸ்தேகாவிலிருந்து விமான நிலையம் வரை நீட்டப்பட்டிருக்கிறது.

துல்தெபெக். புறநகர் ரயிலில் புவெனாவிஸ்தாவில் ஏறி முனையமான குவாவ்தித்லானில் இறங்கி, அங்கிருந்து கோம்பி. 2015 டிசம்பரில் சான் அந்தோனியோ ஷவெந்தோ பகுதியில் வடிகால் வேலைக்குத் தோண்டும்போது கிடைத்த மாமூத்தை நகர மையத்தில் தனி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 2019-ல் செய்திகளில் அடிபட்டது அது அல்ல, துல்தெபெக் இரண்டு: குப்பைக் கிடங்குக்குத் தோண்டிய இடத்தில் 824 எலும்புகள், குறைந்தது 14 மாமூத்துகள், 1.70 மீட்டர் ஆழமும் 25 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு குழிகள். மனிதர் வெட்டிய பொறிக்குழிகள், சுமார் 15,000 வருடம் என்று அறிவித்தார்கள். யானையைக் குழி வெட்டிப் பிடிப்பது நமக்குப் பழகிய காட்சி என்பதால் தமிழ்ச் செய்திகள் உடனே நம்பிவிட்டன. குழி மனிதர் வெட்டியதுதானா என்று கேட்ட ஆய்வாளர்களும் உண்டு. #6-ல் சொன்ன பாடத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.

துல்தெபெக் வாணவேடிக்கைக்குப் பெயர்போன ஊர், அந்த நாட்டுச் சிவகாசி என்றே சொல்லலாம். மார்ச் 8 சான் ஹுவான் தெ தியோஸ் திருநாள். நினைவுப் பொருள் என்று ஒரு சரம்கூட வாங்கிப் பையில் போடாதீர்கள், விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

#13 · ஆற்றுமணல்

அப்போது திட்டத்தை இப்படி மாற்றுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.
ஞாயிறு: தேசிய மானுடவியல் அருங்காட்சியகம்.
திங்கள்: தெபெக்ஸ்பான், அக்கோல்மான் மடாலயம், பிரமிடுகள்.
செவ்வாய்: சாந்தா லூசியா, துல்தெபெக்.
புதன்: ஓய்வு.

#14 · பொடிநடை

திங்கள் வேண்டாம். மெக்சிகோவில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் வார விடுமுறை. பிரமிடுகள் மட்டும் திங்களன்றும் திறந்திருக்கும். ஞாயிறும் வேண்டாம்: உள்நாட்டவருக்கு அன்று இலவசம், கூட்டம் நெரியும், வெளிநாட்டவர் எப்படியும் கட்டணம் கட்டத்தான் வேண்டும்.

திருப்பிப் போடுங்கள். ஞாயிறு வந்து இறங்கி ஓய்வு. 2,250 மீட்டர் உயரம், முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும். திங்கள் பிரமிடுகள் மட்டும். செவ்வாய் சாபுல்தெபெக், மெட்ரோ 7-ம் தடத்தில் அவுதித்தோரியோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். புதன் காலை தெபெக்ஸ்பான், மதியம் அக்கோல்மான். சாந்தா லூசியாவுக்கு ஐந்தாம் நாள் வேண்டும். அது கிடைக்காது என்றால் தெபெக்ஸ்பானா சாந்தா லூசியாவா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். எலும்பு நிறையப் பார்க்க சாந்தா லூசியா. ஒரு பிழை எப்படிப் பிறந்தது என்று பார்க்கத் தெபெக்ஸ்பான்.

சின்ன ஊர் அருங்காட்சியகங்கள் பழுதுபார்ப்பு, ஊழியர் இல்லை என்று முன்னறிவிப்பில்லாமல் மூடும். முந்தின நாள் தங்கும் விடுதி வரவேற்பில் சொல்லித் தொலைபேசியில் கேட்கச் செய்யுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி 40 கிலோமீட்டர் போக வேண்டாம்.

#15 · களிமண்தட்டு

அக்கோல்மானை வால் மாதிரி சேர்த்திருக்கிறீர்கள், அது தனியாகவே போகத் தக்க இடம். தெபெக்ஸ்பானிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர், கோம்பியில் கொஞ்ச நேரம். 16-ம் நூற்றாண்டு அகஸ்தீனியர் மடாலயம். முகப்பில் 1560 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. வெளியே நிற்கும் கற்சிலுவையில் கிறிஸ்துவின் உடல் இல்லை, நடுவில் முகம் மட்டும். உள்ளூர்ச் சிற்பிகளின் கைவரிசை அதில் பச்சையாகத் தெரியும்.

எலும்பைத் தேடி வருகிறவர் கவனிக்க வேண்டியது வேறு: கட்டடம் சுற்றுத் தரையை விடத் தாழ்வாக இருக்கிறது. தலைநகருக்குள் வெள்ளம் போகாமல் இருக்க இங்கே அணை கட்டினார்கள், தண்ணீர் இந்தப் பக்கம் தேங்கியது. 18-ம் நூற்றாண்டில் மடாலயம் திரும்பத் திரும்ப மூழ்கி, கோயிலுக்குள்ளேயே வண்டல் ஏறியது; 20-ம் நூற்றாண்டில்தான் அள்ளி எடுத்தார்கள். இருநூறு வருடத்தில் ஒரு கட்டடத்தை இவ்வளவு புதைக்கிற மண், பதினைந்தாயிரம் வருடத்தில் மாமூத்தை எப்படி மூடியிருக்கும் என்று அந்தப் படிகளில் நின்று பார்த்தால் விளங்கும்.

#16 · வடமராட்சிக்காரன்

வெள்ளம் எண்டவுடனை தெகிஸ்கியாக் ஞாபகம் வருது. இன்னும் வடக்கை. தலைநகர் வெள்ளத்தை வெளியிலை கொண்டுபோக வாய்க்கால் வெட்டேக்கை, 1870-ல் 12 மீட்டர் ஆழத்திலை ஒரு எலும்பு. அழிஞ்சுபோன ஒட்டக இனத்தின்ரை திரிகம், முதுகெலும்பின்ரை அடிப்பக்க எலும்பு. அதை நாய் அல்லது கொயோட் முகம் மாதிரிச் செதுக்கியிருக்கினம். பெரும்பகுதி இயற்கை உருவம்தான். மூக்குத் துளை மாதிரி வெட்டினது மனிசன்ரை கை. 1882-ல் மரியானோ பார்செனா எழுதினார். பிறகு கனகாலம் காணாமல் கிடந்து, 1956-ல் திரும்பக் கிடைச்சது. அதுவும் தலைநகர் அருங்காட்சியகத்திலைதான்.

தெபெக்ஸ்பானோ தெகிஸ்கியாக்கோ, கிடைச்ச சாமான் ஊரிலை இல்லை. ஊர்ச்சனத்துக்கு நகல்தான் மிச்சம். எங்கடை பக்கமும் இப்பிடித்தானே நடக்குது.

#17 · சீரகம்

சைவக்காரருக்கு மட்டும். "சின் கார்னே" என்றால் அங்கே மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இல்லை என்று எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுத் தருவார்கள். "சின் கார்னே, சின் போயோ" என்று இரண்டையும் சொல்லுங்கள். அடுத்த கண்ணி பன்றிக் கொழுப்பு, "மந்தேகா": வேகவைத்து மசித்த பீன்ஸ், தமாலே மாவு இரண்டிலும் பெரும்பாலும் இருக்கும். "சின் மந்தேகா?" என்று கேளுங்கள். சோறு சிவப்பாக இருந்தால் கோழிச் சாற்றில் வெந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

சாலையோரத் தட்டில் நம்பிச் சாப்பிடத் தக்கது: பூசணிப் பூ கெசாதியா (உள்ளே வைத்து மடித்துச் சுட்ட சோள ரொட்டி), சோளக்கதிர்ப் பூஞ்சையான வித்லகோச்சே வைத்த கெசாதியா, சப்பாத்திக்கள்ளியின் மடலான நொபால். கல்லில் எண்ணெயா மந்தேகாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "எஸ்கமோலெஸ்" என்று வெள்ளை வெள்ளையாக, பருப்பு மாதிரி ஒன்றைக் காட்டினால் அது எறும்பின் புழுவும் கூட்டுப்புழுவும்.

ஜனவரி விடியலில் 5 டிகிரிக்கும் கீழே போகும், மதியம் 20-ஐத் தாண்டும். அடுக்காக உடுத்துங்கள். உயரத்தில் வெயில் குளிராகத் தெரிந்தாலும் தோலைச் சுடும், தொப்பி வேண்டும்.

#18 · நெல்லிக்கனி

பிப்ரவரி, மார்ச் எப்படி?

#19 · சீரகம்

வறண்ட ஏரிப்படுகையிலிருந்து புழுதி கிளம்பும் காலம். ஆஸ்துமா இருப்பவர்கள் முகக்கவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் மழை. காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

#20 · தந்தமும்பல்லும்

வயல்வரப்பிலோ வாய்க்கால் வெட்டிலோ கறுப்புக் கண்ணாடி மாதிரி அப்சிடியன் சில்லு கண்ணில் படும். எடுக்காதீர்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து. 1986 திருத்தம் புதைபடிவ எலும்பையும் அதில் சேர்த்தது. சில்லு சின்னதுதான், சுங்கத்தில் அதை விளக்க ஆகும் நேரம் பெரிது. எடுத்த இடத்தை விட்டுப் பெயர்ந்த சில்லுக்கு ஆய்வில் மதிப்பும் இல்லை. பிரமிடுகளில் விற்பது இன்றைக்குச் செய்த சிலைகள், அவற்றை வாங்கலாம். அப்சிடியன் கத்தி வாங்கினால் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள்.

அருங்காட்சியகத்தில் படம் எடுக்கலாம். ஃபிளாஷும் முக்காலியும் கூடாது.

#21 · பொடிநடை

விசா கேட்கவில்லை, ஆனாலும் பலர் தேடி வருவார்கள் என்பதால்: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வதிவுரிமையோ இருந்தால் 180 நாள் வரை தனி விசா தேவையில்லை. தங்கும் நாள் முழுக்க அது செல்லுபடியாக வேண்டும். எத்தனை நாள் என்று முடிவு செய்வது குடிவரவு அதிகாரி. முத்திரை குத்தியதும் அதில் எழுதிய எண்ணை அங்கேயே நின்று படியுங்கள்.

#22 · ஆற்றுமணல்

முடிவு: புதன் தெபெக்ஸ்பானும் அக்கோல்மானும். சாந்தா லூசியாவுக்கு, திரும்பும் விமானத்தை ஒரு நாள் தள்ளிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. பெயரில் வரும் x எழுத்தை நாவாத்லில் "ஷ" என்று சொல்வார்களாமே. கோம்பிக்காரரிடம் "தெபெஷ்பான்" என்பதா, "தெபெக்ஸ்பான்" என்பதா?

#23 · களிமண்தட்டு

பழைய நாவாத்ல் ஒலி "ஷ" தான். கோம்பிக்காரரிடம் "தெபெக்ஸ்பான்" என்று சொல்லுங்கள். "ஷ" போட்டால் இலக்கணம் சரியாக இருக்கும், வண்டி போய்விடும்.

#24 · பொடிநடை

சொல்ல வராவிட்டால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பலகையை விரலால் காட்டுங்கள். எதற்கும், திரும்பி வரும்போது பலகையில் "இந்தியோஸ் வெர்தெஸ்" இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அதே இடத்தில் தெஸ்கோகோ போகும் வண்டியும் நிற்கும்.